திரும்பி வரும் விமானத்தில் இருப்பவர்களிடம் பேசுங்கள்: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், திருச்சியிலிருந்து விமானம் இயக்கும் எல்லா நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணியளவில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஐஎக்ஸ் 613 விமானம். மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே, சக்கரம், பிரேக் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரிந்தது. உள்ளே 141 பேர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் வட்டமடித்துவிட்டு, இரவு 8.15 மணியளவில் அது பத்திரமாகத் தரையிறங்கியது. சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. ஓடுபாதையில் வழக்கம்போல் ஓடி நின்றது.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். அன்று அதை ஓட்டிய கேப்டனுக்கும் துணை விமானிக்கும், உள்ளே பணியாற்றியவர்களுக்கும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கும், ஓடுபாதை ஓரம் தயாராக நின்ற தீயணைப்பு வீரர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும். பண்டிகை நாளில் வீட்டில் இருக்க வேண்டியவர்கள் பலர் அங்கே நின்றார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விமானம் திரும்பி வந்ததிலும் குறையில்லை. கோளாறு தெரிந்தால் திரும்பி வருவதுதான் சரி.

நான் எழுதுவது வேறொன்றுக்காக. விமானம் திரும்பிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும், வெளியே தவித்து நிற்கும் அவர் குடும்பத்துக்கும், என்ன நடக்கிறது என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் உடனே சொல்ல வேண்டும். அதை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் விதியாக ஆக்குங்கள்.

அன்று மாலை தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விமானத் தடத்தைக் காட்டும் வரைபடத்தில் ஒரு சின்ன விமானம் வட்டம் வட்டமாகச் சுற்றுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சக்கரம் உள்ளே போகவில்லை என்றது ஒரு செய்தி. ஹைட்ராலிக் பழுது என்றது இன்னொன்று. விமான நிலையத்தில் முழு அவசர நிலை அறிவிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பிறகு நிறுவனத்தின் விளக்கம் வந்தது: விமானிகள் அவசர நிலை எதையும் அறிவிக்கவில்லை, ஓடுபாதையின் நீளத்தைக் கருதி, எரிபொருளையும் எடையையும் குறைப்பதற்காக முன்னெச்சரிக்கையாகத்தான் சுற்றினார்கள் என்று.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். தரையில் தீயணைப்பு வண்டிகளையும் மருத்துவமனைகளையும் தயார்படுத்துவதற்கு விமான நிலையம் அறிவிப்பது ஒன்று. விமானிகள் வானொலியில் ‘மேடே’ (உயிராபத்து), ‘பான்-பான்’ (அவசரம்) என்று அழைப்பு விடுப்பது வேறொன்று. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம். மகனை வழியனுப்பிவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு? ‘முழு அவசர நிலை’ என்ற சொல்லையும் ‘அவசர நிலை இல்லை’ என்ற சொல்லையும் ஒரே மாலையில் கேட்டால், யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இந்த வேறுபாட்டை ஒருவர் நிதானமாகத் தமிழில் சொல்லியிருந்தால் பாதிப் பயம் அங்கேயே அடங்கியிருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்றும் யார் காதிலும் சரியாக விழவில்லை. அன்று பறந்தது போயிங் 737 ரக விமானம். அதில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. 777, 747 போன்ற பெரிய விமானங்களில் உண்டு. 737-800 கிளம்பும்போது அதிகபட்சம் சுமார் 79 டன் எடை இருக்கலாம். வழக்கமாக இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு, பழுதான ஹைட்ராலிக்கோடு, 2,480 மீட்டர் அளவுள்ள திருச்சி ஓடுபாதையில் உடனே இறங்கினால் நிறுத்துவதற்குச் சிரமம். அதனால் எரித்துக் குறைக்கிறார்கள். மணிக்கு இரண்டரை டன் போலத்தான் எரியும், ஆகவே நேரம் ஆகும். தீப்பிடித்திருந்தாலோ, விமானம் கைக்கு அடங்காமல் போயிருந்தாலோ, எடையைப் பார்க்காமல் அந்த நிமிடமே இறங்கியிருப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்ற முடிந்தது என்பதே, நிலைமை விமானிகளின் கையில் இருந்தது என்பதற்கு அடையாளம். எந்த வட்டத்தைப் பார்த்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்களோ, அந்த வட்டம்தான் நல்ல செய்தி. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஹைட்ராலிக் பழுது என்றால் எல்லாம் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. 737-இல் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு தனித்தனி அமைப்புகளும், கூடவே ஒரு மாற்று அமைப்பும் உண்டு. ஒன்று போனால் மற்றது பெரும்பாலான வேலையை ஏற்றுக்கொள்ளும். சக்கரத்தை ஹைட்ராலிக் இறக்காவிட்டால், காக்பிட்டில் இருக்கும் கைப்பிடிகளை இழுத்துப் பூட்டை விடுவித்தால், அது தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு முக்கிய அமைப்புகளும் சேர்ந்து போனாலும் கம்பி வழியாகக் கையின் பலத்தாலேயே விமானத்தைத் திருப்ப வழி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒருவர் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. சொல்பவர் சொன்னால் யாருக்கும் புரியும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்து ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. என் தம்பியும் அங்கேதான் வேலை பார்க்கிறான். அவன் போன ஒரு விமானமும் ஒருமுறை பாதி வழியில் திரும்பியது. எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம். உள்ளே இந்தியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி சொன்னார்களாம். அவன் வரிசையில் இருந்த யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஊர் வந்துவிட்டது என்று நினைத்துப் பையை எடுக்க எழுந்தாராம். ஜன்னல் வழியாகச் சிவப்பு விளக்கு வண்டிகளைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. சிலர் அழுதார்கள், சிலர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். பணிப்பெண்கள் சைகையால் உட்கார வைத்தார்கள். நாங்கள் இங்கே வீட்டில் ஒரு வாட்ஸ்அப் செய்தியை வைத்துக்கொண்டு, கிடைத்த எண்ணுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தோம். எடுத்தது ஒரு பதிவுக் குரல். அதுவும் ஆங்கிலம்.

ஐயா, இது வெறும் மனக்கஷ்டம் பற்றிய பேச்சில்லை. தரையிறங்கும் நேரத்தில் பெல்ட் இல்லாமல் நிற்கும் பயணி தனக்கும் ஆபத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. அவசரமாக வெளியேற வேண்டிவந்தால், பையை விட்டுவிட்டு வா என்ற ஒரு வாக்கியம் புரியாததால் வழி அடைபடும். புரியும் மொழியில் பேசுவதும் பாதுகாப்பு வேலைதான், தீயணைப்பு வண்டி போல.

விமானியின் கை அப்போது ஓயாது என்று எனக்குத் தெரியும். பழுதுக்கான கையேட்டை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு விசையாகச் சரிபார்த்து, கோபுரத்தோடு பேசி, இறங்கும் கணக்குப் போட வேண்டும். முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் வழியைப் பார், அதற்குப் பிறகு பேசு என்பதுதான் அவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசை. அந்த வரிசையை மாற்றச் சொல்லவில்லை. விமானி பேச வேண்டிய அவசியமே இல்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு என்று கிளம்பும் ஊரின் மொழியில் முன்கூட்டியே பதிவு செய்த அறிவிப்புகளை வைத்திருக்கலாம். திரும்பிப் போகிறோம், எடை குறையச் சுற்றுகிறோம், இறங்கப் போகிறோம், இறங்கியபின் உட்கார்ந்திருங்கள் என்று நான்கைந்து சந்தர்ப்பத்துக்குப் போதும். பதிவு ஓடவில்லையென்றால் படிக்க ஓர் அட்டை. பணியாளருக்குத் தமிழ் தெரியாதா? பரவாயில்லை, இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ தமிழை எழுதிக்கொடுத்தாலும் வாசித்துவிடலாம். சென்னையிலிருந்து கிளம்பும் சில விமானங்களில் விமானிகள் தமிழில் பேசும் காணொளிகளை எல்லோரும் சந்தோஷமாகப் பகிர்கிறோம். சந்தோஷமான நாளில் பேசும் தமிழ் கஷ்டமான நாளில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

எப்படி இருக்க வேண்டும் என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

“பயணிகளுக்கு வணக்கம். விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில் ஒரு பழுது தெரிகிறது. அதனால் ஷார்ஜா போகாமல் திருச்சியிலேயே இறங்கப் போகிறோம். விமானம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எரிபொருள் நிறைய இருப்பதால் இப்போது எடை அதிகம். எடை குறைந்தபின் இறங்குவதுதான் பாதுகாப்பு. அதற்காக இரண்டு மணி நேரம் போலச் சுற்றுவோம். இறங்கும்போது கீழே தீயணைப்பு வண்டிகள் நிற்கும், அது முன்னெச்சரிக்கை, பயப்பட வேண்டாம். பெல்ட்டைக் கழற்றாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடியும் சொல்கிறோம்.”

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. துறை தெரிந்தவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள்.

வெளிநாட்டில் இதை நன்றாகச் செய்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32, ஏர்பஸ் ஏ380, 469 பேர். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு எஞ்சின் வெடித்து, இறக்கையைத் துளைத்து, ஹைட்ராலிக் முதற்கொண்டு பல அமைப்புகளைச் சேதப்படுத்தியது. சிதறிய துண்டுகள் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் விழுந்தன. அந்தப் படங்களைப் பார்த்து, விமானமே விழுந்துவிட்டது என்று செய்தி பரவியது. மேலே விமானிகள் நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம் கழித்துச் சிங்கப்பூரில் பத்திரமாக இறக்கினார்கள். இறங்கிய பிறகும் ஒரு எஞ்சின் அணையாமல் ஓடியது, எரிபொருள் கசிந்தது. பயணிகளை அவசரமாகச் சறுக்கி இறங்கச் சொல்லாமல், உள்ளேயே உட்கார வைத்து, பிறகு படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். எல்லாம் முடிந்தபின் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பயணிகள் இருந்த இடத்துக்கே போய், என்ன நடந்தது என்று எடுத்துச்சொல்லி, தன் சொந்த கைபேசி எண்ணையும் கொடுத்தார். எங்கள் கேப்டன்களிடம் சொந்த எண்ணைக் கேட்கவில்லை. நிறுவனத்தின் சார்பில் பொறுப்பான ஒருவர் அப்படிப் பயணிகளோடு பேச அரை மணி நேரம் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இங்கேயும் ஒரு விமானத்துக்குள் நடந்ததை உள்ளே இருந்தவரே உடனே ஊருக்குச் சொன்னதைப் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி போன ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டது. சுமார் இரண்டு மணி நேரம் சுற்றியபின் இறங்கியது. அதில் கே.சி. வேணுகோபால் உட்பட நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் இருந்தார்கள். அவர் எழுதினார், நிறுவனம் அன்றே விளக்கம் கொடுத்தது, நாடு முழுக்கப் பேசியது. நல்லது. ஷார்ஜாவுக்கும் குவைத்துக்கும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற எங்கள் ஆட்கள் கேட்டாலும் அதே வேகத்தில் பதில் வர வேண்டும்.

வெளியே நிற்கும் குடும்பத்துக்கு என்ன செய்யலாம்? திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அழகான புதிய முனையம் வந்திருக்கிறது. அதன் வாசலில் ஒரு மேசை, தமிழ் பேசும் ஒருவர், ஒரு தொலைபேசி எண், கால் மணிக்கு ஒருமுறை மாறும் ஒரு அறிவிப்புப் பலகை. புதிய செய்தி இல்லையென்றால் ‘புதிய செய்தி இல்லை, விமானம் இன்னும் சுற்றுகிறது’ என்றே எழுதட்டும். தொலைக்காட்சிக்காரர்களும் அங்கிருந்தே தகவல் எடுத்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில்தான் ஊகம் ஓடுகிறது.

இறங்கிய பிறகு வருவது இன்னொரு பெரிய கஷ்டம், அது செய்திகளில் வருவதே இல்லை. ஷார்ஜா விமானம் திரும்பிய அன்று மாற்று விமானம் ஏற்பாடு செய்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் இரண்டு மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், இன்றைக்கு நான் ஏறமாட்டேன், நாளைக்குப் போகிறேன் என்றால் அவருடைய டிக்கெட் என்ன ஆகும்? பணம் பிடிக்காமல் தேதி மாற்றித் தர வேண்டும் என்று தெளிவாக எழுதிவையுங்கள். போனவருக்கும் பிரச்சினை உண்டு. அங்கே அழைத்துப்போக வந்த கம்பெனி வண்டி காத்திருக்காமல் போயிருக்கும். வேலையில் சேர வேண்டிய தேதி தவறியிருக்கும். விசா முடியும் நாள் நெருக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். விமானம் கோளாறால் திரும்பியது, இந்தப் பயணி இந்தத் தேதியில்தான் புறப்பட முடிந்தது என்று நிறுவன முத்திரையோடு ஒரு கடிதம், அரபியிலும் ஆங்கிலத்திலும், கேட்காமலே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால் ஒரு நாள் சம்பளமாவது மிஞ்சும். காசு செலவில்லாத உதவி இது.

விமானிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விமானம் திரும்பினால் எரிபொருள் நஷ்டம், மாற்று விமானச் செலவு, அடுத்தடுத்த பயணங்களில் தாமதம், கூடவே கெட்ட பெயர். இவற்றின் பாரம் காக்பிட்டுக்குள் போகக் கூடாது. இதே திருச்சியில் 2018 அக்டோபர் 12 அதிகாலையில், துபாய்க்குக் கிளம்பிய ஒரு 737 ஓடுபாதை முடிவில் இருந்த வழிகாட்டிக் கருவியின் ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டு மேலே போனது. அடிவயிறு கிழிந்த நிலையில், உடனே திரும்பாமல், 136 பேரோடு சுமார் நான்கு மணி நேரம் பறந்து, கடைசியில் மும்பையில் இறங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது பெரும் அதிர்ஷ்டம். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மழையில், பின்காற்றில், ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளி இறங்கிய விமானம் பள்ளத்தில் விழுந்து, விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் காலை விமானத்தை ஓட்டுவதற்காக ஊர் சேர்ந்தாக வேண்டும் என்ற எண்ணமும் கேப்டனின் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கையே குறிப்பிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் வந்தது. திரும்பி வந்த விமானிகளை நிறுவனங்கள் வெளிப்படையாகப் பாராட்டட்டும். திரும்பியதற்காக ஒருவரும் அலுவலகத்தில் விளக்கம் கொடுத்துக் கூசி நிற்கும் நிலை வரவே கூடாது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு பயணிகளுக்குச் சின்னச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்தச் சமயத்தில் திரும்பி வரும் ஒவ்வொரு விமானத்தையும் ‘மயிரிழையில் தப்பியது’ என்று எழுதுவது, திரும்புவதற்கு விமானிகளை யோசிக்கவைக்கும். பத்திரிகை நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது விசாரணை. விபத்துகளையும் கடுமையான சம்பவங்களையும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு விசாரித்து அறிக்கையைப் பொதுவில் வைக்கிறது. மற்ற கோளாறுகள் உங்கள் இயக்குநரகத்தின் பொறுப்பில் வருகின்றன. அவற்றில், விமானம் திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பக்கம் போதும்: எந்தப் பாகம் பழுதானது, ஏன், அதே வகை மற்ற விமானங்களில் அதைப் பார்த்தீர்களா, என்ன மாற்றினீர்கள். அந்தப் பக்கம் கிளம்பிய ஊரின் மொழியிலும் இருக்க வேண்டும். தமிழில் அப்படி ஒரு பக்கம் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அதே விமானத்தில் அடுத்த மாதம் ஏறப்போகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எனக்கும் புரியும். பணியாளருக்கான அட்டையையும் பதிவுக் குரலையும் முதலில் செய்யுங்கள். அதற்குப் புதிய கருவி வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம், உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் தொடங்கலாம். தமிழ் வாசகங்களைச் சரிபார்க்க ஆள் தேவை என்றால் எங்கள் மாவட்டத்தில் தமிழாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பியை வளைகுடாவுக்கு அனுப்பியிருக்கும் ஒரு அக்கா,
புதுக்கோட்டை மாவட்டம்